சரித்திரச் சட்டையும் சரியான பொத்தானும்

நாடக விழாக் காலம் வந்துவிட்டால் மொனராகலையிலும் பதுளையிலும் உள்ள துணிக்கடைகளில் பொன்னிறப் பொத்தானுக்குக் கிராக்கி உண்டாகிவிடுகிறது. அரசன் வேடமா? பொன்னிறப் பொத்தான். படைத் தலைவனா? பொன்னிறப் பொத்தான். வெள்ளைக்காரச் சிப்பாயா? அதே பொத்தான், இரண்டு வரிசையாக. கங்காணியா? கோட்டு கறுப்பாகிவிடும், பொத்தான் மட்டும் மாறாது. சங்க காலத்துச் சேரனும் தோட்டத்துக் கங்காணியும் ஒரே அட்டையிலிருந்து பொத்தான் வாங்கியவர்களாக மேடையில் நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

இதைக் குறைசொல்லும் நோக்கம் நமக்கு இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் நாடகத்துக்குப் பணம் ஒதுக்கித் தருவோர் அரியர். பகலெல்லாம் மலையிலும் றப்பர்க் காட்டிலும் வேலை செய்துவிட்டு வந்த தாயோ தமக்கையோ, இரவில் லயத்து விளக்கின் கீழிருந்து தைக்கும் சட்டை அது. அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். மதிப்பதனாலேதான், செலவைக் கூட்டாமல், சில வேளைகளில் குறைத்துங்கூட, அச்சட்டையை உண்மை பேசவைக்கும் வழியை இவ்வாரம் எடுத்துரைக்க விழைகிறோம். துணியை வெட்டுவதும் தைப்பதும் கைத்திறன். பொத்தானையும் கரையையும் தேர்ந்தெடுப்பதற்கோ கைத்திறனுடன் சரித்திர அறிவும் வேண்டும்.

கடைக்குப் போகுமுன் நாம் கேட்டுக்கொள்ளவேண்டிய முதற்கேள்வி, எந்தப் பொத்தான் என்பதன்று. இவருக்குப் பொத்தான் உண்டா என்பதே.

‘பொத்தான்’ என்ற சொல்லே போர்த்துக்கீசரிடமிருந்து நம்மிடம் வந்தது. யாழ்ப்பாணத்தார் ‘தெறி’ என்றும் சொல்வர். நாம் ‘ரேந்தை’ என்று வழங்குவதும் போர்த்துக்கீச மொழியின் ‘ரெண்டா’ என்ற சொல்லே. பொத்தான் நுழையும் துவாரத்தைத் தையற்காரர் ‘காஜா’ என்பர். போர்த்துக்கீச மொழியில் அதற்குப் பெயர் ‘காசா’, அதாவது வீடு. பொத்தான் குடியிருக்கும் வீடு! ‘சட்டை’ என்ற சொல்லோ அவர்கள் வருமுன்னரே தமிழில் வழங்கியது. சிங்களத்தில் ‘ஹெட்டய’ என்று வழங்குவதும் அதுவே என்பர். சட்டை இங்கே இருந்தது. இப்பெயர்கள் கப்பலில் வந்தன.

ஆகவே சோழன், பாண்டியன், சங்க காலத்துப் படைவீரன் முதலியோருக்குச் சட்டை தைப்பதாயின் பொத்தானை மறந்துவிடுவது நன்று. முல்லைப்பாட்டிலே மெய்ப்பை அணிந்த யவனக் காவலர் வருகின்றனர். அவர்கள் சட்டை அணிந்திருந்தமை தனித்துச் சொல்லத்தக்க செய்தியாக அக்காலத்துப் புலவருக்குப் பட்டது போலும். அத்தகைய வேடங்களுக்கு முன்புறத்தை ஒன்றன்மேலொன்றாக மடித்து, பக்கத்தில் நாடாவால் முடிந்துவிடுதல் பொருத்தமாகும். சட்டைத் துணியிலேயே எஞ்சிய துண்டில் நான்கு நாடாக்கள் தைத்துவிடலாம். ஒரு சதமும் செலவில்லை.

இனி, பொத்தான் உள்ள காலத்துக்கு வருவோம். மேலே சொன்ன கப்பற்காரர் நமது ஊர்ப்பக்கம் வராதவர் அல்லர். 1630 ஆம் ஆண்டிலே போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தினோ த சா பதுளையைத் தாக்கிவிட்டுத் திரும்புகையில், இன்றைய மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாயவுக்கு அண்மையில், ரந்தெனிவெல என்னுமிடத்தில் கண்டிப் படையால் வளைக்கப்பட்டு மாண்டார். அக்காலத்தில் கண்டி இளவரசனாயிருந்தவனே பின்னர் இரண்டாம் இராஜசிங்கன் என்ற பெயருடன் அரசாண்டான். அவனுடைய உடையைப் பற்றி எழுதிவைத்தவர், 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிலே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ். தலையிலே நான்கு மூலைத் தொப்பி, அதன் முன்னே நிமிர்ந்து நிற்கும் இறகு, முதுகில் போர்த்துக்கீசப் பாணியில் நீண்ட பட்டி, உடல் ஒரு நிறமும் கைகள் வேறு நிறமுமாகத் தைத்த சட்டை, கணுக்கால்வரை நீண்ட காற்சட்டை. அரசன் தானே கற்பித்துக்கொண்ட கோலம் அது என்று நொக்ஸ் வியக்கிறார். பகைவனை வென்றவன் பகைவனின் உடையிலிருந்து வேண்டியதை எடுத்துத் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டான். இரண்டாம் இராஜசிங்கனை மேடையேற்றும் மாணவருக்கு இது பெரும் உதவி. கைகளுக்குத் துணி போதவில்லையா? வேறு நிறத் துணியைத் துணிந்து போடுங்கள். சரித்திரம் உங்கள் பக்கம் நிற்கிறது.

நமது பகுதியில் அடிக்கடி மேடையேறும் மற்றொரு கதை 1817, 1818 ஆம் ஆண்டுகளின் ஊவா–வெல்லஸ்ஸப் போர். அப்போர் மூண்டது இந்த மண்ணிலேதான். இதில் இரண்டு வகைச் சட்டைகள் தேவைப்படும். ஒன்று கண்டித் தலைவருடையது. கண்டிப் பெரஹெராவிலே நிலமேமார் அணிந்து வரும் குட்டைச் சட்டையைப் பலரும் கண்டிருப்பீர்கள்: தோளிற் புடைத்த கை, பொன்னிழை வேலைப்பாடு, மணிகள் பதித்த தொப்பி. அது சபைக்கும் விழாவுக்கும் உரிய உடை. காட்டிலே மறைந்து போரிடும் தலைவனை அக்கோலத்தில் நிறுத்துவது பொருந்துமா என்று சிந்திக்கவேண்டும். அரண்மனைக் காட்சிக்குப் பொன் வேலை. போர்க் காட்சிக்கு அதே சட்டை, கரையின்றி, துணி போர்த்த பொத்தானுடன். இரண்டு காட்சிக்கும் வேறுபாடு காட்டினால், அந்தத் தலைவன் எதை இழந்து எதற்காகக் காட்டுக்குப் போனான் என்பது ஒரு வசனமும் இன்றியே சபையோருக்கு விளங்கிவிடும்.

மற்றது ஆங்கிலச் சிப்பாயின் செஞ்சட்டை. இங்கேதான் பொன்னிறப் பொத்தான் பெரும் பிழை செய்கிறது. அக்காலத்து ஆங்கிலப் படையில் அதிகாரிகளின் பொத்தானே பொன் முலாமோ வெள்ளி முலாமோ பூசியதாயிருந்தது. சாதாரணச் சிப்பாயின் பொத்தான் வெள்ளீயக் கலவையாலான மங்கிய சாம்பல் நிறத்தது. சிப்பாய்க்குப் பித்தளைப் பொத்தான் வந்தது 1855 ஆம் ஆண்டிலேதான். எனவே 1818 இல் சிப்பாய் எல்லோருக்கும் பளபளக்கும் பொத்தான் தைத்தால் அவர்கள் அனைவரும் அதிகாரிகள் ஆகிவிடுவர். உத்தரவிட ஆளுண்டு, நடக்க ஆளில்லை! இலங்கையில் அப்போது நின்ற 19 ஆம் படையணியைக் காட்ட விரும்பினால், செஞ்சட்டையின் கழுத்துப் பட்டியும் மணிக்கட்டுப் பட்டியும் பச்சை நிறமாயிருக்கட்டும். அந்தப் பச்சைப் பட்டியே அப்படையணிக்குப் பெயராகவும் அமைந்தது.

மங்கிய பொத்தானுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கடையில் விலைபோகாது கிடக்கும் தட்டையான, காம்புள்ள பொத்தானை வாங்குங்கள். நிறம் எதுவாயினும் பரவாயில்லை. கரடுமுரடான தாளினால் தேய்த்துப் பளபளப்பை நீக்கி, சாம்பல் நிறப் பூச்சுப் பூசி, அது உலர்ந்தபின் பென்சிற் கரித் தூளை விரலால் தடவினால் பழைய ஈயத்தின் தோற்றம் வந்துவிடும். அதிகாரி ஒருவருக்கு மட்டும் பொன்னிறம் இருக்கட்டும். இருபது பொன்னிறப் பொத்தான் வாங்கும் இடத்தில் எட்டு வாங்கினால் போதும்.

பொருளின் வயதை அறிய ஒரு சிறு கணக்கை நினைவில் வைத்திருப்பது நல்லது. அழுத்தி மூடும் பொத்தான் தோன்றியது 1885 ஆம் ஆண்டளவில். இன்று நாம் பயன்படுத்தும் ‘சிப்’ 1913 ஆம் ஆண்டளவில் உருப்பெற்றது. ஒட்டி உரிக்கும் பட்டி வந்தது 1950களில். பிளாஸ்டிக் பொத்தானும் இருபதாம் நூற்றாண்டினதே. இவற்றைச் சரித்திரச் சட்டையில் பயன்படுத்தவே கூடாது என்று நாம் விதிக்கவில்லை. காட்சிக்கிடையில் விரைந்து உடை மாற்ற வேண்டியிருந்தால் உள்ளே ஒட்டுப் பட்டி தைத்து, வெளியே காலத்துக்கேற்ற பொத்தானை அழகுக்காக அமைக்கலாம். சபையின் கண்ணுக்கு எது தெரிகிறதோ அது உண்மையாயிருந்தால் போதும்.

எதுவும் கைகூடாதபோது உதவுவது துணி போர்த்த பொத்தான். சிரட்டையை அறுத்து இரண்டு சென்றிமீற்றர் குறுக்களவுள்ள வட்டமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்; தடித்த அட்டையும் ஆகும். சட்டைத் துணியிலே அதன் இருமடங்கு குறுக்களவில், அதாவது நான்கு சென்றிமீற்றரில், ஒரு வட்டம் வெட்டி, ஓரத்தைச் சுற்றி நூலோட்டி, நடுவில் வட்டத்தை வைத்து நூலை இறுக்கி முடிந்துவிடுங்கள். வெறுஞ் சிரட்டையில் இரண்டு துளையிட்டு எண்ணெய் தடவினாலும் எளியவர் வேடத்துக்கு ஏற்ற பொத்தான் கிடைக்கும். சிரட்டைப் பொத்தான் நம் நாட்டிலிருந்து அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பொருள் என்பதையும் மாணவர் அறிந்திருக்கட்டும்.

எண்ணிக்கையும் இடைவெளியும் அடுத்த விடயம். முதலில் கழுத்தில் ஒன்று, மார்பு விரியும் இடத்தில் ஒன்று, இடையில் ஒன்று எனக் குறித்துக்கொண்டு பின்னர் எஞ்சியவற்றைச் சமமாகப் பங்கிடுக. கழுத்திலிருந்து இடைவரை 40 சென்றிமீற்றர் என்றால், ஒன்பது பொத்தானுக்கு எட்டு இடைவெளி. ஒவ்வொன்றும் 5 சென்றிமீற்றர். காஜாவின் நீளம் பொத்தானின் குறுக்களவோடு அதன் தடிப்பையும் கூட்டிய அளவாயிருக்க வேண்டும். கரை தைத்து, சட்டையை உடுத்திப் பார்த்த பின்னரே காஜா வெட்டுக. துணியில் விழுந்த வெட்டை மீண்டும் ஒட்டுவார் இல்லை. பொத்தானைத் தைக்கும்போது இடையில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்துப் பின்னர் குச்சியை உருவிவிட்டு, எஞ்சிய தளர்வில் நூலைச் சுற்றி முடிந்தால் தடித்த துணியிலும் பொத்தான் நிமிர்ந்து நிற்கும்.

இனிக் கரைக்கு வருவோம். சரிகையோ ரேந்தையோ பின்னல் நாடாவோ, எதுவாயினும் பழைய உடைகளில் அதற்கொரு தொழில் இருந்தது. தையலை மறைப்பது, கிழியக்கூடிய ஓரத்தைக் காப்பது, அணிந்தவரின் தகுதியைக் காட்டுவது ஆகிய மூன்றுமே அத்தொழில். இம்மூன்றில் ஒன்றும் செய்யாது சட்டையின் நடுவெளியில் ஓடும் கரையை இரக்கமின்றி நீக்கிவிடலாம். கழுத்து, முன் விளிம்பு, மணிக்கட்டு, கீழ் விளிம்பு என்ற நான்கு இடங்களோடு நிறுத்திக்கொள்வதே அழகு.

உண்மைச் சரிகை என்பது வெள்ளிக் கம்பியை நூலிலே சுற்றிப் பொன் முலாம் பூசியது. அதன் ஒளி மென்மையானது. இன்று முழக்கணக்கில் கிடைக்கும் பளபளப்பு நாடா மேடை விளக்கிலே கண்ணைக் கூசச்செய்யும். கந்தலாகிவிட்ட பழைய சேலையின் கரை, அணியும் நிலையில் இல்லாவிட்டால், மேலான சரிகையாகும். கண்டிப் பகுதியின் பழைய துணிகளிலே சிவப்பும் நீலமுமான பருத்தி நூலால் சங்கிலித் தையல் இட்டிருப்பதைக் காணலாம். மனையியல் படிக்கும் மாணவியர் நால்வர் இரண்டு மாலைப்பொழுதில் ஒரு கழுத்துப் பட்டிக்கு இத்தையலை இட்டுவிடலாம். நூலின் விலை அற்பம். சிவப்புத் துணியையும் நூலையும் முன்னதாக நீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை ரேந்தையில் சிவப்புச் சாயம் ஏறினால் பின்னர் அழுது பயனில்லை. எதனையும் தைத்து முடிப்பதற்கு முன்னர் ஊசி குத்திப் பிடித்துக்கொண்டு இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். அத்தூரத்தில் தெரியாத வேலைப்பாட்டுக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் முதலிய நமது கூத்துக்களின் ஒப்பனைக்கு நாம் மேலே சொன்ன எவையும் பொருந்தா. அவற்றின் பளபளப்பு வழிவழி வந்த மரபு. நாம் பேசுவது, ‘இன்ன ஆண்டில் இது நடந்தது’ என்று சொல்லி மேடையேறும் நாடகத்தை மட்டுமே.

அத்தகைய நாடகங்களில் இப்போது மிகுந்து வருவது நம் மக்களின் சொந்தக் கதை. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாண்டு நிறைவு 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் சென்று நினைவுகூரப்பட்டது. அக்கதையை இளைஞர் மேடையேற்றுவது கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் கண்டித் தலைவனின் பொத்தானுக்காகப் பத்து நாள் ஆராய்பவர்கள், தம் பாட்டனாரின் உடைக்கு ஒரு கந்தலையும் கோணியையும் எடுத்துக்கொண்டு ‘இது போதும்’ என்று விடுகிறார்களே! அரசனுக்கு மட்டுமா சரித்திரம்?

பழைய ஒளிப்படங்களைப் பாருங்கள். பெரிய கங்காணி தலைப்பாகை கட்டி, வேட்டியின்மேல் கோட்டு அணிந்து நிமிர்ந்து நிற்பார். கோட்டின் முன்புறத்தில் பொத்தான் வரிசை. அக்காலத்துக் கோட்டுக்குக் கொம்பாலும் எலும்பாலும் செய்த பொத்தான்கள் வழக்கிலிருந்தன. மேடைக்கு மங்கிய கறுப்போ பழுப்போ போதும். அருகே நிற்கும் தொழிலாளியின் தோளில் கம்பளி. கம்பளிக்குப் பொத்தான் இல்லை. மலைக் குளிரில் கையாலே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அக்கம்பளியின் விலையும் அவர் கடன் கணக்கிலே எழுதப்பட்டது.

ஆனால் அந்தத் தொழிலாளியின் உடலிலும் வட்டமான ஓர் உலோகத் துண்டு இருந்த காலமுண்டு. 1901 ஆம் ஆண்டில் தொடங்கிய முறைப்படி, தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு அழைத்துவரப்பட்டோருக்குத் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதைக் கழுத்திலே கட்டிக்கொண்டு வந்தனர். வழிச்செலவுக் கணக்கை எந்தத் தோட்டத்தின் பெயரில் எழுதுவது என்பதற்கு அதுவே அடையாளம். கங்காணி தம் கீழ் வேலைக்கிறங்கிய ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு பெற்றார். ஒருவர் கோட்டிலே பொத்தான். மற்றவர் கழுத்திலே தகரம். இரண்டும் வட்டம், இரண்டிலும் துளை. ஒன்று உடையை மூடியது. மற்றது மனிதனை எண்ணாக்கியது. இந்த வேறுபாட்டைச் சபையோர் காணச் செய்துவிட்டால், நீண்ட சோக வசனங்கள் பாதியும் வேண்டாதனவாகிவிடும்.

தகர வில்லையைச் செய்வது எளிது. பழைய தகர டப்பாவின் மூடியில் ஒரு வட்டம் வெட்டி, கூர் விளிம்பைக் கல்லில் நன்றாகத் தேய்த்து, ஆணியாலே எண்களைக் குத்தி, துளையிட்டு நூலில் கோத்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண் இருக்கட்டும். நடிக்கும் பிள்ளை தன் எண்ணை அறிந்திருக்கட்டும்.

இவ்விடத்திலே நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்து வீடுகள் சிலவற்றில் பழைய தகரப் பெட்டிக்குள் பாட்டனார் காலத்துக் கோட்டு இன்னும் கிடக்கிறது. நாடகக் காலம் வந்ததும், ‘பழையதுதானே’ என்று அதன் பொத்தான்களை வெட்டியெடுத்து வேடச் சட்டைக்குத் தைத்துவிடும் வழக்கத்தைக் காண்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொத்தான் இழந்த கோட்டு வெறுந்துணி. கோட்டை இழந்த பொத்தான் வெறுவட்டம். இரண்டும் சேர்ந்திருந்தாலன்றோ இன்னார், இன்ன தோட்டத்தில், இன்ன வேலை செய்தார் என்று சொல்லும்! அக்கோட்டைப் பார்த்து அதைப்போல் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். கோட்டை வெயிலில் உலர்த்தி, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, அணிந்தவர் பெயரையும் தோட்டத்தையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். பாட்டி உயிரோடிருந்தால் இன்றே கேட்டெழுதுங்கள். அரசரின் பொருள்களைக் காக்க அரும்பொருட்காட்சிச்சாலை இருக்கிறது. கங்காணியின் கோட்டையும் தொழிலாளியின் கம்பளியையும் காக்கவேண்டியவர்கள் நாமே.

பணமில்லை, ஆகவே எங்கள் சட்டை எடுபடாது என்று தளரும் மாணவர்க்கு ஒரு செய்தி. வெல்லஸ்ஸப் போரின் தலைவர்களுள் ஒருவரும் ஊவாவின் திசாவையுமான மொனரவில கெப்பட்டிபொல, 1818 நவம்பர் 26 ஆம் நாள் கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்கு முன்னர் தாம் உடுத்தியிருந்த மேல்துணியைத் தலதா மாளிகைக்குக் காணிக்கையாக்கினார். அது கிழிந்து அழுக்கேறியிருந்தாலும் காணிக்கையின் புண்ணியம் அதனால் குறைந்துவிடாது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதாக, அக்காலத்தில் கண்டியிலிருந்த படை மருத்துவர் ஹென்றி மார்ஷல் எழுதிவைத்திருக்கிறார். சபை உடையிலே பொன் வேலை அணியும் உரிமை பெற்றிருந்த ஒருவர் இறுதியில் கொடுத்தது, பொத்தானும் கரையும் இல்லாத ஒரு துணி. அவரை மேடையேற்றுவோர் அந்தத் துணியை அழுக்காகவே வைத்திருக்கட்டும்.